பட்டணம் போகும் முன் பாடு போட்டுக்கொள்ளுங்கள்

தங்கச்சி, நீயும் உன் சிநேகிதியும் சனி, ஞாயிறு இரண்டு நாள் சென்னையைச் சுற்றப் போவதாக அம்மா போனில் சொன்னாள். ஆளுக்கு 700 ரூபாய்தான் கையில் இருக்கிறதாம், அதை வைத்துக்கொண்டு என்ன பார்க்க முடியும் என்று அவளுக்குக் கவலை. போதும் என்று சொல்லிவிட்டேன். பழவேற்காட்டிலிருந்து பட்டணத்துக்கு ஏழெட்டு வருஷமாகப் போய்வருகிறவள் நான். எங்கே காசு கரையும், எங்கே கரையாது என்று பட்டுத் தெரிந்துகொண்டது கொஞ்சம் இருக்கிறது.

முதலில் மாதத்தைப் பார். ஐப்பசி, கார்த்திகையில் போகாதே. மழையில் பாதி நாள் ஏதாவது கடை வாசலில்தான் நிற்பீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும் வேண்டாம். வெயில் ஒரு காரணம். இன்னொன்று, அது விசைப்படகுக்குத் தடைக்காலம். காசிமேட்டில் அத்தை வீட்டில்தானே தங்கப் போகிறீர்கள்? மாமா கடலுக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கும் நாளில் இரண்டு பேர் விருந்தாடியாகப் போய் நின்றால், அத்தை முகம் சுளிக்க மாட்டாள். கடன் வாங்கியாவது வஞ்சிரம் வாங்குவாள். நமக்குத்தான் சோறு இறங்காது. தை, மாசிதான் சரி.

சொந்தக்காரர் வீடு என்றால் ஓசித் தங்கல் என்று நினைக்காதே. கையில் ஏதாவது கொண்டு போக வேண்டும். களி நண்டு கொண்டு போகலாம் என்று தோன்றும். நானும் ஒருமுறை கொண்டு போனேன். கட்டு அவிழ்ந்து ஒன்று கூடையை விட்டு இறங்கி, மீஞ்சூர் தாண்டுவதற்குள் லேடீஸ் கம்பார்ட்மென்ட் முழுக்கக் காலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கருவாடும் வேண்டாம், எத்தனை கவரில் சுற்றினாலும் வாசம் வெளியே வந்துவிடும். உன் சிநேகிதி வீட்டில் பின்னுகிற பனையோலைப் பெட்டி இரண்டு எடுத்துப் போ. நாறாது, நசுங்காது, பட்டணத்தில் அதற்கு நல்ல மரியாதை. அவள் தொழுகிற பெண் என்று அத்தையிடம் முன்னாலேயே போனில் சொல்லிவிடு. அந்தச் சின்ன வீட்டில் ஒரு மூலையை ஒழித்து வைக்க அத்தைக்கு ஒரு நாள் வேண்டும்.

ஏதோ காரணத்தால் அத்தை வீடு அமையவில்லை என்றால், சென்ட்ரலில் போய் ரூம் கேட்டுக்கொள்ளலாம் என்று கிளம்பிவிடாதே. ரயில்வே ஓய்வறைக்குத் தொலைதூர ரயில் டிக்கெட்டின் பிஎன்ஆர் எண் கேட்பார்கள், பொன்னேரி டிக்கெட் செல்லாது. பெரியமேட்டுப் பக்கம் ஒரு லாட்ஜில், ஆதார் ஒருத்தியிடம்தான் இருக்கிறது என்று எங்களைத் திருப்பி அனுப்பினார்கள். ராத்திரி ஒன்பது மணி அப்போது. அதனால் இரண்டு பேரும் அசல் ஆதாரை எடுத்துக்கொள்ளுங்கள். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் ஒய்.டபிள்யூ.சி.ஏ. விருந்தினர் இல்லம் இருக்கிறது, நம்பிக்கையான இடம். ஆனால் 700 ரூபாய் பட்ஜெட் அங்கே ஒரு ராத்திரிக்குத் தாங்காது. அத்தை வீடே மேல்.

போகிற வழி உனக்கே தெரியும். ஆனாலும் காசுக் கணக்கைச் சொல்கிறேன். பொன்னேரிக்கு வெள்ளை போர்டு பஸ் வந்தால் ஏறு. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசில்லை. சென்னைக்குள்ளும் அதே. முகப்பில் பிங்க் அடித்த பஸ்ஸைப் பார்த்து ஏற வேண்டும். அவசரத்தில் டீலக்ஸிலோ ஏசி பஸ்ஸிலோ ஏறிவிட்டு கண்டக்டரிடம் சண்டை போடாதே. காசில்லாவிட்டாலும் டிக்கெட் தருவார்கள், வாங்கி வைத்துக்கொள். பொன்னேரியிலிருந்து மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ் ஸ்டேஷனுக்கு லோக்கல் ரயில் டிக்கெட் 10 ரூபாய். அந்தப் பெயரைக் கேட்டு மார்க்கெட்டைத் தேடாதே. மூர் மார்க்கெட் 1985-இல் தீப்பிடித்து எரிந்துபோனது, மிஞ்சியது ஸ்டேஷன் பெயர்தான்.

இறங்கியதும் ஆட்டோக்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள். அவர்களைத் தாண்டி சப்வேயில் இறங்கி எதிர்ப்பக்கம் ஏறு. பார்க் டவுன் ஸ்டேஷன். அங்கிருந்து வேளச்சேரி போகிற பறக்கும் ரயில்தான் உங்கள் இரண்டு நாளுக்கும் முதுகெலும்பு. சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, கலங்கரை விளக்கம், மயிலாப்பூர், கோட்டூர்புரம் எல்லாம் ஒரே தடத்தில் வரிசையாக வருகின்றன, டிக்கெட் 5 ரூபாய். சென்னைக்காரர்கள் பலர் இந்த ரயிலை மறந்தே போய்விட்டார்கள். ஸ்டேஷன்கள் கொஞ்சம் இருட்டாக, ஆளில்லாமல் கிடக்கும் என்பதும் உண்மை. பகலில் மட்டும் ஏறுங்கள், இருட்டினால் பஸ்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். சேர்ந்து ஊர் சுற்றப் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்த தோழிகளை நிறையப் பார்த்திருக்கிறேன், என்னையும் சேர்த்து. காசு குறைவாக இருக்கும்போது சண்டை சீக்கிரம் வரும். ஒருத்தி கடை கடையாய் ஏற வேண்டும் என்பாள், இன்னொருத்தி கடற்கரையில் உட்கார வேண்டும் என்பாள். ஒருத்தி ஜூஸுக்குக் காசு கொடுத்துவிட்டு வாய்விட்டுக் கேட்காமல் மனசுக்குள் கணக்கு எழுதுவாள். இதற்கு வழி நம்ம ஏரியிலேயே இருக்கிறது. பாடு. எந்த இடத்தில் எவர் சுத்துவலை கட்டுவது என்று சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்கிறார்களே, அதைத்தான் சொல்கிறேன். இன்றைக்கு உனக்கு நல்ல இடம் விழுந்தால் நாளைக்கு எனக்கு. ஒருவர் முறையில் இன்னொருவர் தலையிடக் கூடாது. ஏரியில் பாட்டுக்குப் பேர் ஆம்பிளைகளுக்குத்தான் என்பது வேறு கதை, அதை இன்னொரு நாள் பேசுவோம். நீங்கள் இரண்டு பேரும் கிளம்புவதற்கு முதல் நாளே உட்கார்ந்து, இரண்டு நாளை நாலு அரை நாளாகப் பிரித்துச் சீட்டு எழுதிப் போடுங்கள். யார் பாடோ அவள் சொல்கிற இடம். மற்றவள் கூடப் போக வேண்டும், முணுமுணுக்கக் கூடாது.

பணத்துக்கும் அப்படியே ஒரு ஏற்பாடு. ஆளுக்கு 400 எடுத்து ஒரே சுருக்குப் பையில் போடுங்கள். பயணம், சாப்பாடு, நுழைவுச் சீட்டு எல்லாம் அதிலிருந்து. பை ஒருத்தியிடம், கணக்கு எழுதுவது இன்னொருத்தி. மீதி 300 அவரவர் கையில். வளையல் வாங்கினாலும் சரி, வாங்காவிட்டாலும் சரி, அதை யாரும் யாரையும் கேட்கக் கூடாது. ஆளுக்கு ஒரு நூறை ஆதார் உறைக்குள் தனியாக மடித்து வைத்துவிடுங்கள். ஊர் திரும்பும்வரை அது இல்லாத காசு.

எங்கே போகலாம் என்று கேட்டால் என் பாட்டில் நான் முதலில் சொல்வது எழும்பூர் அருங்காட்சியகம். 1851-இல் தொடங்கியது. வெள்ளிக்கிழமை விடுமுறை, சனி, ஞாயிறு உண்டு. நான் கடைசியாகப் போனபோது டிக்கெட் 15 ரூபாய். காலை பத்து மணிக்கு உள்ளே போனால் வெயில் தாழ வெளியே வரலாம், 15 ரூபாய்க்கு இப்படி ஒரு நிழல் சென்னையில் வேறெங்கும் கிடையாது. திமிங்கலத்தின் எலும்புக்கூடு ஒன்று இருக்கிறது, நம் கண்ணுக்கு அது வேறு மாதிரித் தெரியும். செப்புத் திருமேனிகள் இருக்கும் கூடத்தை விட்டுவிடாதே. அங்கே ஆடிக்கொண்டு நிற்கிற திருவாலங்காட்டு நடராஜர் நம்ம திருவள்ளூர் மாவட்டத்துக்காரர். உள்ளூர்க்காரரைப் பார்க்காமல் வந்தால் எப்படி?

அடுத்த அரை நாளுக்கு சேப்பாக்கத்தில் இறங்கி நடங்கள். வாலாஜா பெரிய மசூதி 1795-இல் ஆற்காட்டு நவாப் குடும்பம் கட்டியது. அதில் உள்ள பாரசீகக் கல்வெட்டின் வரிகளை எழுதியவர் ஒரு இந்து. அங்கிருந்து திருவல்லிக்கேணித் தெருக்களுக்குள் நுழைந்து நடந்தால் பார்த்தசாரதி கோயில், பல்லவர் காலத்துக் கோயில். உங்கள் இரண்டு பேருக்கும் ஏற்ற பேட்டை அது. ஒருத்தி உள்ளே போகும்போது இன்னொருத்தி வெளியே செருப்புக்குக் காவல், பிறகு மாற்றிக்கொள்ளலாம். இந்த நடைக்கு ஒரு பைசா செலவில்லை. வழியில் ரத்னா கஃபேயில் சாம்பார் இட்லி சாப்பிட ஆசை வந்தால் ஒரு பிளேட் வாங்கிப் பகிர்ந்துகொள்ளுங்கள், சாம்பாரை மறுபடி ஊற்றுவார்கள்.

கோட்டையையும் பார்க்க வேண்டும் என்று யாராவது சொல்வார்கள். பார்க்கலாம். ஆனால் ஒன்று தெரிந்துகொண்டு போ. ஆங்கிலேயர் செயின்ட் ஜார்ஜ் கோட்டையைக் கட்டியது 1640-இல். அதற்கு 27 வருஷம் முன்னாலேயே, 1613-இல், நம்ம ஊரில் டச்சுக்காரர்கள் கெல்டிரியா கோட்டையைக் கட்டிவிட்டார்கள். அவர்களுக்கு இந்தக் கரைக்கே தலைநகரம் பழவேற்காடுதான். இன்றைக்கு அங்கே தலைமைச் செயலகம், இங்கே முள்ளும் புதரும். பட்டணத்துப் பெண்கள் யாராவது “எந்த ஊரு, கேள்விப்பட்டதே இல்லையே” என்று கேட்டால் இதைச் சொல்.

மெரினாவுக்கு சாயங்காலம் போங்கள். கடலைப் பார்க்க நாம் 50 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டுமா என்று அப்பா சிரிப்பார். சிரிக்கட்டும், மெரினாவில் பார்க்க வேண்டியது கூட்டத்தைத்தான். தண்ணீரில் இறங்காதே. நமக்கு நீச்சல் தெரியும் என்கிற தைரியம் அந்தக் கரையில் உதவாது, அலை கரையிலேயே ஆளைச் சுருட்டி இழுக்கும். கலங்கரை விளக்கத்தில் லிஃப்ட்டில் ஏறி மேலிருந்து பார்க்கலாம். திங்கள் விடுமுறை, மதியம் இடையில் மூடிவிடுவார்கள். நொச்சிக்குப்பத்து மீன் மார்க்கெட்டில் இறால் விலையைக் கேட்டு வாயைப் பிளக்காதே. பேரமும் பேசாதே. அங்கே உட்கார்ந்திருக்கிற அக்காமார்கள் நம்ம மாதிரிதான், ஒரு பார்வையிலேயே வாங்க வந்தவளா வேடிக்கை பார்க்க வந்தவளா என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

சாப்பாட்டில் காசு மிச்சம் பிடிக்க அம்மா உணவகம் இருக்கிறது. 2013-இல் தொடங்கியதிலிருந்து இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் 5, தயிர் சாதம் 3. காலை பத்து மணிக்குள் போய்விட வேண்டும், மதியம் மூன்றுக்குள். ஒரு வேளையை அங்கே முடித்தால் இன்னொரு வேளை திருவல்லிக்கேணியில் பிரியாணிக்குப் பையில் காசு இருக்கும். இரண்டு நாளும் அங்கேயே சாப்பிட்டு அதைப் பெருமையாகவும் நினைக்காதே. ஊர் சுற்றப் போய் நாக்கைப் பட்டினி போட்டுவிட்டு வந்தால் எதற்குப் போனோம் என்று ஆகிவிடும். தண்ணீர் பாட்டில் மட்டும் காசு கொடுத்து வாங்காதே, ஆளுக்கு ஒரு லிட்டர் வீட்டிலிருந்து.

தண்ணீர் என்றதும் இன்னொன்று. பட்டணத்தில் பெண்களுக்குப் பெரிய கஷ்டம் கழிப்பறை. அதற்குப் பயந்து நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் திரிந்து நீர்க்கடுப்போடு நான் ஊர் திரும்பியதுண்டு. மெட்ரோ ஸ்டேஷன், அருங்காட்சியகம், பெரிய துணிக்கடை, நூலகம், இந்த நாலு இடத்தையும் மனசில் வைத்துக்கொள். நூலகம் என்று நான் சொல்வது கோட்டூர்புரத்தில் 2010-இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம். ஒன்பது மாடி, நுழைவு இலவசம், உள்ளே குளுகுளு ஏசி. ஞாயிறு மதியம் வெயிலில் அலையாமல் அங்கே போய் ஆளுக்கொரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்காருங்கள். பேசாமல் கூட உட்காரத் தெரிந்தவள்தான் நல்ல சிநேகிதி என்று எனக்குப் புரிந்தது அங்கேதான்.

ஷாப்பிங் ஆசை இருந்தால் ரங்கநாதன் தெரு. கைப்பையை முன்னால் போட்டுக்கொள், போனைச் சட்டைப் பையில் வைக்காதே. ஞாயிறு சாயங்காலம் அங்கே போகவே போகாதே, காலையில் கடை திறந்ததும் போ. இதற்கு மேல் அந்தத் தெருவைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

பெண்கள் உதவிக்கு 181, ரயிலில் தொந்தரவு என்றால் 139. இரண்டையும் போனில் பதிந்துகொள்ளுங்கள். ஒருத்தி போனை மதியத்துக்கு மேல் போட்டோ எடுக்காமல் அணைத்து வையுங்கள். ராத்திரி இரண்டு பேர் போனிலும் சார்ஜ் இல்லாமல் நின்றால் அத்தை காசிமேட்டையே எழுப்பிவிடுவாள்.

திரும்புவதைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை லோக்கல் ரயில்கள் குறைவு. கும்மிடிப்பூண்டித் தடத்தில் ஒன்றை விட்டால் அடுத்ததற்கு நெடுநேரம் உட்கார வேண்டியிருக்கும். பொன்னேரி வந்து பழவேற்காட்டு பஸ் போய்விட்டது என்றால் 18 கிலோமீட்டருக்கு ஆட்டோ கேட்கிற காசு, இரண்டு நாள் மிச்சம் பிடித்ததையெல்லாம் ஒரே நடையில் விழுங்கிவிடும். எனக்கு அப்படித்தான் போயிற்று. நாலு மணிக்கெல்லாம் மூர் மார்க்கெட் ஸ்டேஷனில் இருங்கள். ரயிலில் உட்கார்ந்ததும் சுருக்குப் பையைக் கொட்டிப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள், பொன்னேரி வருவதற்குள் கணக்கு முடிந்துவிட வேண்டும். பஸ் ஏறியதும் அம்மாவுக்குப் போன் போடு, அவள் ஸ்டாப்பில் டார்ச்சோடு நிற்பாள்.