முறுக்கு மரமும் முறியும் தீக்குச்சியும்

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்)



ஒர்க் ஷாப்பில் இரும்பைப் பற்றி நிறையப் படிக்கிறோம். மரத்தைப் பற்றி கார்பென்ட்ரி ஷாப்பில் டவ்டெயில் ஜாயிண்ட் போட்டதோடு சரி. ஆனால் நம் மாவட்டத்திற்குச் சோறு போட்டதில் மரத்துக்கும் பங்கு உண்டு. 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தொழில் கற்றுத் திரும்பியதிலிருந்துதான் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் வளர்ந்தது. அந்தக் குச்சி மரம்தானே!

முறுக்கு என்றால் என்ன?

மரத்தின் நார் அடியிலிருந்து நுனிவரை நேராக ஓடவேண்டும். சில மரங்களில் அது கயிறு திரித்தது போலச் சுற்றிக்கொண்டே ஏறும். நமக்குப் புரிகிற மாதிரிச் சொன்னால், அது ஒரு ஸ்க்ரூ திரெட். அதற்கும் ஹெலிக்ஸ் கோணம் உண்டு, லீட் உண்டு.

40 செ.மீ. விட்டமுள்ள தடியில் ஒரு மீட்டர் நீளத்திற்கு நார் 5 செ.மீ. விலகினால் சரிவு 20-க்கு 1. சுற்றளவு சுமார் 1.26 மீட்டர். ஆகவே லீட் சுமார் 25 மீட்டர். அதாவது 25 மீட்டர் ஏறினால்தான் ஒரு முழுச்சுற்று. கண்ணுக்கு இது முறுக்காகவே தெரியாது. ஆனால் உத்திரத்திற்கு எடுக்கும் மரத்தில் மிக உயர்ந்த தரத்திற்கு அனுமதிக்கும் எல்லையே 20-க்கு 1தான். 10-க்கு 1 என்றால் வளைவைத் தாங்கும் பலத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். 5-க்கு 1 என்றால் பாதியைச் சற்று மிஞ்சித்தான் நிற்கும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

என் அப்பா மர அறுவை மில்லில் தடி தூக்குகிறவர். பள்ளிக்கூடம் போனதில்லை. அவர் சொல்வது: "பட்டையை உரிச்சு வெயில்ல போடு. வெடிப்பு நேரா ஓடுனா நல்ல மரம். சுத்திக்கிட்டுப் போனா அது கிறுக்குப் பிடிச்ச மரம்." புத்தகமும் இதையேதான் சொல்கிறது. காய்ச்சல் வெடிப்பு நாரின் வழியேதான் ஓடும். வெடிப்புக்குப் பக்கத்தில் நேர்கோடு ஒன்று போட்டு, ஒரு மீட்டருக்கு எவ்வளவு விலகுகிறது என்று அளந்தால் சரிவு கிடைத்துவிடும்.

அறுக்கும்போது கவனிக்க வேண்டியவை

1. ரம்பம் நேராகத்தான் போகும், நார் சாய்ந்துதான் இருக்கும். எப்படித் திருப்பி வைத்து அறுத்தாலும் முறுக்கு போகாது.

2. ஈரம் சுமார் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போது மரம் சுருங்கும். அப்போதுதான் பலகை திருகும். நடுத்தண்டுக்கு அருகில் எடுத்த பலகை அதிகம் திருகும், வெளிப்பக்கப் பலகை குறைவாகத் திருகும். ஆகவே நடுத்தண்டை ஒதுக்கிவிட வேண்டும்.

3. தேவைக்கு மேல் கனமாக அறுத்து, இடையிடையே குச்சி வைத்து அடுக்கி, மேலே பாரம் ஏற்றிக் காயவிட்டு, பிறகு அளவுக்குச் சீவ வேண்டும்.

4. நீளத்துக்குத் தகுந்தாற்போல் திருகலும் கூடும். எனவே நீளமான நிலைக்கும் உத்திரத்திற்கும் இது ஆகாது. ஏணிக்கும் மண்வெட்டிப் பிடிக்கும் கண்டிப்பாகக் கூடாது. குட்டையான பேக்கிங் பெட்டிச் சட்டத்திற்கு ஆகும்.

குச்சிக்கு வருவோம்

பெருமரம், மட்டி போன்ற மெதுமரத் தடியைச் சுழலவிட்டுக் கத்தியால் தாள் போல உரித்து, அந்தத் தாளை நறுக்கினால் தீக்குச்சி. குச்சி 42 மி.மீ. நீளம், 2 மி.மீ. கனம் என்று வைத்துக்கொள்வோம். சரிவு 21-க்கு 1-ஐத் தாண்டினால் ஒரு முனையில் தொடங்கிய நார் எதுவும் மறுமுனைக்குப் போய்ச் சேராது, பக்கவாட்டில் வெளியேறிவிடும். கோணம் மூன்று டிகிரி கூட இல்லை! அந்தக் குச்சியை உரசினால் "டப்"பென்று முறியும். எரியும் தலை எங்கே விழும் என்று சொல்ல முடியாது.

என் அம்மா பல வருடம் கட்டை அடுக்கினார். மருந்து முக்குவதற்குச் சட்டத்தில் குச்சி அடுக்கும் வேலை அது. கூலி கட்டைக் கணக்கு. முறிந்த குச்சியைப் பொறுக்கிப் போடும் நேரத்துக்குக் கூலி கிடையாது. "இன்னைக்குக் குச்சி சரியில்ல" என்று சொல்லிக்கொண்டு, குறைந்த காசோடு வருவார். குச்சி ஏன் சரியில்லை என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. தடியை வாங்கும்போதே ஒருவர் வெடிப்பைப் பார்த்திருந்தால் போதும்.

இமயமலைச் சீர் பைன் மரத்தின் முறுக்கை 1920-களிலேயே வன அதிகாரி எச்.ஜி. சாம்பியன் ஆராய்ந்து எழுதினார். முறுக்கு பெருமளவு விதை வழியாக வரும் குணம் என்பது இன்று தெரிந்த விஷயம். எனவே பெருமரம் நடும் விவசாயி நேர் மரத்து விதையைக் கேட்டு வாங்க வேண்டும்.

நண்பர்களே, நாளை நம்மில் சிலர் மில்லிலோ தீப்பெட்டி ஆலையிலோ சூப்பர்வைசர் ஆவோம். ஒரு சாக்பீஸும் ஒரு ஸ்கேலும் எடுத்துக்கொண்டு தடிக் குவியல் பக்கம் ஒரு நடை போய்விட்டு வாருங்கள். செலவு ஒன்றுமில்லை. கட்டை அடுக்குகிற நாலு பேருக்குக் கூலி குறையாது.