சோயாக் கட்டி: தெரிந்து வாங்கலும் காத்து வைத்தலும்

கம்பும் சோளமும் துவரையும் விளையும் கரிசற்காட்டில் பிறந்த நமக்குச் சோயா மொச்சை புதிய பயறு. அதன் பாலைத் திரித்து எடுக்கும் டோஃபு என்னும் கட்டியோ அதனினும் புதியது. சீனரும் ஜப்பானியரும் பல நூற்றாண்டுகளாக உண்டுவரும் இப்பதார்த்தத்தை, மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் பிழைப்பு நாடிச் சென்ற தமிழர் 'தவ்குவா' என்னும் பெயரால் அறிந்தனர். இக்காலத்தில் மதுரைக் கடைகளிலும் அது கிடைக்கின்றது. எனவே, அதனைக் கேடின்றிக் கொண்டு உண்ணும் முறையை மாணவ நண்பர்கள் அறிந்திருத்தல் நலமாம்.

ஒரு கோடை விடுமுறையில், பால் ஒவ்வாத என் தமக்கையின் மூன்று வயது மகனுக்காக மதுரையில் ஒரு கட்டி வாங்கினேன். அங்கிருந்து பந்தல்குடி ஏறக்குறைய 60 கிலோமீட்டர். பேருந்துக்குக் காத்திருந்ததும் வழிப்பயணமுமாக மூன்று மணி நேரம் சென்றது. வீட்டில் பையைப் பிரித்தபோது சிறிது புளித்த மணம் எழுந்தது. கொடுத்த விலையை எண்ணி, "தயிர் போன்றதுதானே, புளித்தால் என்ன?" என்றேன். என் பாட்டியார் அது எதனாற் செய்தது என்று வினவினார். மொச்சை போன்ற ஒரு பயறு என்றேன். "தயிர் புளிக்கும், பருப்பு ஊசும். இது பருப்புச் சாதி, ராசா, ஊசிப்போச்சு, கொட்டு" என்றார்.

அவர் கூறியது முற்றும் உண்மை. எங்ஙனமெனின், தயிரில் நற்கிருமிகள் பெருகிப் புளிப்பை உண்டாக்க, அப்புளிப்பே தீய கிருமிகள் பலவற்றைத் தடுக்கும் வேலியாகின்றது. சோயாக் கட்டியோ அவ்வாறு பிறப்பதன்று. ஊறவைத்த பயற்றை அரைத்து, காய்ச்சி, வடித்து, கால்சியம் சல்பேட்டு அல்லது மக்னீசியம் குளோரைடு என்னும் உப்பினால் திரித்து, துணியிலிட்டு அழுத்தி எடுப்பர். அதிற் புரதமும் ஈரமும் மிகுதி. புளிப்போ மிகக் குறைவு. ஆகவே வேலியில்லாத விளைநிலம் போன்று எக்கிருமிக்கும் அது இடங்கொடுக்கும்.

வாங்குங்கால் நோக்க வேண்டியவை சில. முதலாவது, குளிர்ப்பெட்டியில் வைத்து விற்பதையே கொள்ளல் வேண்டும். வெயிலிற் பரப்பியதையும், மூடாத் தொட்டியிற் பலர் கைபட்டதையும் தவிர்க்க. இரண்டாவது, உறையில் உற்பத்தி நாளும், பயன்படுத்தும் எல்லை நாளும், உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண்ணும் உளவா எனக் காண்க. மூன்றாவது, உறை உப்பியிருப்பினும் கிழிந்திருப்பினும் வேண்டா. நான்காவது, நற்கட்டி வெண்மையாகவோ இளமஞ்சள் சாயலுடனோ இருக்கும். வழுவழுப்பும், கலங்கிய நீரும், புளித்த நாற்றமும் கேட்டின் அறிகுறிகள்.

இனிக் காக்கும் முறை. கடையில் அதனைக் கடைசியாக எடுத்து, பனிக்கட்டியிட்ட பெட்டியில் வைத்துக் கொணர்க. சாதாரண வெப்பத்தில் இரண்டு மணி நேரத்திற்கு மேலும், வெப்பம் 32 பாகையைக் கடந்த நாளில் ஒரு மணி நேரத்திற்கு மேலும் வெளியே வைத்தலாகாது. நம்மூர்க் கோடையில் பின்னதே நமக்கு விதி. வீட்டில் 5 பாகைக்குக் கீழ்ப்பட்ட குளிரில் வைக்க. உறை பிரித்தபின், காய்ச்சி ஆறிய நீரில் மூழ்க வைத்து, நாள்தோறும் நீரை மாற்றி, மூன்று நாட்களுக்குள் சமைத்துவிடுக. மின்சாரம் நின்றால் பெட்டியைத் திறவாதிருக்க. திறவாப் பெட்டி நான்கு மணி நேரம் வரை குளிர் காக்கும். ஈரத்துணி சுற்றிய மண்பானை வறண்ட காற்றில் நீரைக் குளிர்விக்கும் என்பது மெய்யே. ஆயினும் அக்குளிர் இதற்குப் போதாது.

நீரைக் குறித்து ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவின் வாஷிங்டன் மாகாணத்தில் 1981ஆம் ஆண்டின் இறுதி தொடங்கி 1982ஆம் ஆண்டின் முற்பகுதி வரை எண்பதுக்கு மேற்பட்டோர் குடல்நோயுற்றனர். சுத்திகரிக்கப்படாத ஊற்றுநீரில் இட்டு விற்ற சோயாக் கட்டியே காரணமெனக் கண்டனர். நோய் விளைத்த எர்சினியா என்னும் கிருமி குளிர்ப்பெட்டியிலும் வளர வல்லது. ஆகலின், கண்மாய் நீரோ லாரி நீரோ, காய்ச்சாத நீரைக் கட்டியின்மேல் வார்த்தல் தகாது. பச்சையாக உண்ணாது நன்கு வேகவைத்து உண்பதே நன்று.

இவ்விடத்து என் பாட்டியாரின் அறிவுக்கும் ஓர் எல்லை உண்டு. நாற்றம் எழுந்தால் கெட்டது என்பது உறுதி. நாற்றம் எழாமையால் நல்லது என்பது உறுதியன்று. நோய்க்கிருமிகள் பல மணமும் நிறமும் மாற்றாமலே பெருகும். ஆகவே மூக்கோடு கடிகாரத்தையும் துணைக்கொள்ளுக. ஐயம் தோன்றின் எறிந்துவிடுக. அன்று இழந்த சில ரூபாய் எனக்கு மறந்துபோயிற்று. அதனை அக்குழந்தைக்கு ஊட்டியிருப்பேனே என்னும் அச்சம் மட்டும் இன்னும் மறக்கவில்லை.