சிறு மீன், பெரும் பொறுப்பு

ஜொகூர் மாநிலத்தின் குளுவாங் மாவட்டத்தில், செம்பனைத் தோட்டங்கள் சூழ அமைந்த சிற்றூர் பாலோ. கெமாஸிலிருந்து ஜொகூர் பாருவுக்குச் செல்லும் இரயில் பாதை இவ்வூரின் வழியே செல்கிறது. மலேசியாவில் அலங்கார மீன்களை மிகுதியாக உற்பத்தி செய்யும் மாநிலங்களுள் ஜொகூர் முன்னிலை வகிக்கிறது. ஆகவே, பாலோ போன்ற ஊர்களில் வீட்டு வரவேற்பறையில் கண்ணாடித் தொட்டி வைத்து மீன் வளர்ப்பது புதுமையன்று. கப்பி, நியோன் டெட்ரா, தங்கமீன் போன்றவை பலரும் அறிந்தவை. அண்மைக் காலமாக மீன் பிரியர்களின் மனத்தைக் கவர்ந்துள்ள மற்றொரு சிறு மீன் குள்ளப் பேத்தை ஆகும்.

பேத்தை என்பது தமிழக மீனவர்கள் வழங்கும் பெயர். மலாய் மொழியில் இதனை ‘இக்கான் புந்தால்’ என்பர். பேத்தை இனங்களுள் பெரும்பாலானவை கடலில் வாழ்பவை. குள்ளப் பேத்தையோ முற்றிலும் நன்னீரில் வாழ்வது. நன்கு வளர்ந்த மீனும் ஏறத்தாழ 2.5 முதல் 3.5 சென்டிமீட்டர் நீளமே இருக்கும். மஞ்சளும் பச்சையும் கலந்த உடலில் கரும்புள்ளிகள் காணப்படும். இதன் இரு கண்களும் தனித்தனியே வெவ்வேறு திசைகளில் சுழலக்கூடியவை. ஆபத்து நேர்ந்தால் இது நீரை விழுங்கி, வயிற்றைப் பந்துபோல் உப்பச் செய்துகொள்ளும். பேத்தை மீன்களுக்கு விலா எலும்புகள் இல்லாததால் உடல் இவ்வாறு விரிய முடிகிறது.

இம்மீனின் தாயகம் தென்னிந்தியாவின் மேற்குத் தொடர்ச்சி மலையில் தோன்றும் ஆறுகளாகும். கேரளத்தின் பம்பை ஆற்றில் கிடைத்த மீன்களைக் கொண்டு, 1941இல் சுந்தர் லால் ஹோரா, கே. கே. நாயர் ஆகிய இரு அறிவியலாளர்கள் இவ்வினத்தை முதன்முதலில் விவரித்தனர். அக்காலத்தில் அப்பகுதி திருவிதாங்கூர் சமஸ்தானமாக இருந்தது. ஆகவே, அதன் ஆங்கிலப் பெயரைத் தழுவி இம்மீனுக்கு ‘டிராவன்கோரிக்கஸ்’ என்னும் அறிவியல் பெயர் அமைந்தது. ஐயப்ப பக்தர்கள் சபரிமலைக்கு ஏறுமுன் நீராடும் அதே பம்பைதான் இச்சிறு மீனின் வீடு. நீர்ச்செடிகள் அடர்ந்த, மெதுவாக ஓடும் நீர்ப்பகுதிகளையே இது விரும்பி வாழ்கிறது.

உருவத்தைப் பார்த்து இதனைச் சாதுவான மீன் என எண்ணுவோர் பலர். ‘கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது’ என்னும் பழமொழி இம்மீனுக்கு மிகவும் பொருந்தும். பேத்தைக் குடும்ப மீன்களின் வாயில், மேலே இரண்டும் கீழே இரண்டுமாக நான்கு பற்கள் இணைந்து, கிளியின் அலகுபோல் அமைந்திருக்கும். குள்ளப் பேத்தை அப்பற்களால் நத்தையின் ஓட்டையே உடைத்துத் தின்னும். மேலும், இது தன் எல்லையைக் காத்துக்கொள்ளும் குணம் உடையது. குறிப்பாக, ஆண் மீன்கள் ஒன்றையொன்று விடாமல் துரத்தும்.

பல இன மீன்கள் சேர்ந்து வாழும் கூட்டுத் தொட்டியில் இதனை விடும்போது சிக்கல் எழுவது இக்குணத்தால்தான். கப்பியின் விசிறி போன்ற வாலும், சண்டை மீனின் நீண்ட துடுப்பும் இதன் கடிக்கு எளிதில் இலக்காகும். கிழிந்த துடுப்பில் நோய்த்தொற்று ஏற்பட்டு மீன்கள் இறக்கவும் நேரிடும். சிறிய இறால்களும் இதற்கு இரையாகிவிடும். விரைந்து நீந்தும் சில குட்டைத் துடுப்பு மீன்களோடு சிலர் இதனை வளர்க்கின்றனர். ஆயினும், எல்லாத் தொட்டிகளிலும் அது வெற்றி பெறுவதில்லை. குள்ளப் பேத்தைக்கென்று தனித் தொட்டி அமைப்பதே பாதுகாப்பான வழியாகும். ஓர் ஆணுக்கு இரண்டு அல்லது மூன்று பெண் மீன்கள் என்ற கணக்கில் விட்டு, செடிகளையும் மரவேர்களையும் நெருக்கமாக வைத்தால், ஒன்றின் கண்ணில் மற்றொன்று படாமல் ஒதுங்கி வாழ முடியும்.

மீனை வாங்குவதற்கு முன்பே தொட்டியை ஆயத்தம் செய்ய வேண்டும். மீனின் கழிவிலிருந்தும் எஞ்சிய உணவிலிருந்தும் அம்மோனியா என்னும் நச்சுப்பொருள் உண்டாகிறது. நன்மை செய்யும் பாக்டீரியாக்கள் அதனை நைட்ரைட்டாகவும், பின்னர் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதிய தொட்டியில் இப்பாக்டீரியாக்கள் போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகலாம். அதற்குள் அவசரப்பட்டு மீனை விட்டால், அது நஞ்சு கலந்த நீரிலேயே வாழ வேண்டியிருக்கும். தொட்டி ஆயத்தமான பின்னரும், வாரந்தோறும் நீரின் ஒரு பகுதியை மாற்றி, குளோரின் நீக்கிய புதிய நீரை ஊற்ற வேண்டும்.

உணவிலும் கவனம் தேவை. கடைகளில் விற்கப்படும் உலர் உணவைக் குள்ளப் பேத்தை பெரும்பாலும் தொடுவதில்லை. சிறு நத்தைகள், நீர்ப்பூச்சிகள், உறைய வைத்த செம்புழுக்கள் போன்றவையே இதற்கு ஏற்றவை. கொசுப்புழுவையும் இது விரும்பித் தின்னும். ஆனால், அதற்காக வீட்டில் கொசுப்புழுக்களை வளர்ப்பது தவறு. டிங்கிக் காய்ச்சல் பரவும் நம் நாட்டில், கொசுக்கள் பெருக இடமளிப்பது 1975ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தின்கீழ்க் குற்றமாகும்.

பேத்தை என்றாலே நீரில் உப்புச் சேர்க்க வேண்டும் என்பது மற்றொரு தவறான எண்ணம். குள்ளப் பேத்தைக்கு உப்பு தேவையில்லை. இதன் உறவினமான பச்சைப் புள்ளிப் பேத்தைதான், வளர வளர உவர்நீரை நாடும். அது ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் வரை வளரக்கூடியது. குஞ்சுப் பருவத்தில் இரண்டும் அளவில் ஒத்திருப்பதால், வாங்குவோர் எந்த இனம் என்பதை உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும்.

குள்ளப் பேத்தையை வளர்ப்போர் அறிய வேண்டிய இன்னோர் உண்மையும் உண்டு. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இம்மீனை அழிவாய்ப்புள்ள இனமாக வகைப்படுத்தியுள்ளது. அலங்கார மீன் வணிகத்திற்காக ஆறுகளில் அளவின்றிப் பிடிக்கப்படுவதும், வாழிடம் சீர்கெடுவதும் இதற்கு முக்கியக் காரணங்களாகும். இம்மீன் ஒரு முறைக்குச் சில முட்டைகளே இடும் இயல்புடையது. எனவே, பிடிக்கப்பட்ட மீன்களின் இழப்பை ஆறு விரைவில் ஈடுசெய்ய இயலாது. இன்று சில பண்ணைகளிலும் இது இனப்பெருக்கம் செய்யப்படுகிறது. “இது ஆற்றில் பிடித்த மீனா, பண்ணையில் பிறந்த மீனா?” என்று கடைக்காரரிடம் கேட்டறிந்து வாங்குவது, தொலைவிலுள்ள ஆற்றுக்கு நாம் செய்யும் உதவியாகும்.

நம் ஆறுகளுக்கும் நாம் கடமைப்பட்டுள்ளோம். வளர்க்க இயலாத மீனை அருகிலுள்ள ஆற்றிலோ கால்வாயிலோ விடுவதைச் சிலர் இரக்கச் செயல் என எண்ணுகின்றனர். தென் அமெரிக்காவைச் சேர்ந்த ‘இக்கான் பண்டாராயா’ இன்று சிலாங்கூரின் லங்காட் ஆற்றில் பெருகி, உள்நாட்டு மீன்களுக்கு இடையூறாகிவிட்டது. தொட்டிக்கென வந்த மீன் ஆற்றை அடைந்தால் விளையும் தீங்குக்கு அது தக்க சான்று. வளர்க்க இயலாத மீனைக் கடையிடமோ வேறொரு வளர்ப்பாளரிடமோ ஒப்படைப்பதே முறையாகும்.

ஓர் உயிரை வாங்கச் சில நிமிடங்கள் போதும். குள்ளப் பேத்தை முறையாகப் பேணப்பட்டால் சில ஆண்டுகள் வாழும். அத்தனை ஆண்டுகளும் அதற்கு வேண்டிய இடமும் இரையும் தூய நீரும் தர முடியுமா என்று எண்ணிப் பார்த்த பின்னரே அதனை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும்.