வலிக்கும் முன்பே பார்த்துவிடுவோம்

வலி வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று பல் பரிசோதனையைத் தள்ளிப்போடும் வழக்கம் கொச்சி மட்டாஞ்சேரியில் தமிழர் வீட்டிலும் உண்டு, மலையாளி வீட்டிலும் உண்டு. இந்தக் கணக்கு தப்பு என்பதுதான் என் கட்சி. பல்லின் மேலோடான எனாமலில் நரம்பு கிடையாது. சொத்தை அதைத் தாண்டி, அதற்கு அடியில் உள்ள டென்டினுக்குள் இறங்கிய பிறகே கூச்சமும் வலியும் தொடங்கும். அதிலும் ஒட்டி நிற்கும் இரண்டு கடைவாய்ப் பற்களின் இடுக்கில் பிடிக்கும் சொத்தை, கண்ணாடி வைத்துப் பார்க்கும் டாக்டர் கண்ணுக்கே எளிதில் சிக்காது. அங்கேதான் டிஜிட்டல் எக்ஸ்ரே கைகொடுக்கிறது.

'பைட்விங்' என்ற படத்தில் மேல், கீழ் கடைவாய்ப் பற்கள் ஒன்றாகத் தெரியும். எனாமல் வெளுப்பாகவும் டென்டின் சாம்பல் நிறமாகவும் இருக்கும். பற்கள் தொட்டுக்கொள்ளும் இடத்தை ஒட்டி, ஈறுப் பக்கமாகச் சின்ன முக்கோணமாய்க் கறுப்பு விழுந்திருந்தால் அது சொத்தையின் அடையாளம். கறுப்பு எனாமலோடு நின்றால் பெரும்பாலும் பல்லைக் குடையவே வேண்டாம். ஃப்ளோரைடும் இனிப்பைக் குறைப்பதும் அதை நிறுத்திவிடக்கூடும். டென்டினுக்குள் ஆழமாக இறங்கினால் அடைக்க வேண்டும், நரம்பை எட்டினால் ரூட் கெனால். செலவு ஏறுவதும் இதே வரிசையில்தான். எக்ஸ்ரே வீண்செலவு என்பவர்களுக்கு இதுவே என் பதில்.

கதிர்வீச்சு பயம் நியாயமானதுதான், ஆனால் அளவைப் பார்க்க வேண்டும். 1987-ல் பிரான்சில் அறிமுகமான டிஜிட்டல் சென்சார் முறைக்கு ஃபிலிமைவிடக் குறைந்த கதிரே போதும். ஒரு படத்துக்குச் சில மைக்ரோசீவர்ட்; இயற்கையிலிருந்தே மனிதருக்கு ஆண்டுக்குச் சராசரியாக 2,400 மைக்ரோசீவர்ட் கிடைக்கிறது. நம் கேரளத்தின் கருநாகப்பள்ளிக் கடற்கரையில் கதிர்வீசும் மோனசைட் மணலால் அது இன்னும் அதிகம். அங்கே சுமார் 70,000 பேரைப் பல ஆண்டுகள் கவனித்து 2009-ல் வெளியான ஆய்வு, அந்தக் கதிரால் புற்றுநோய் கூடியதாகக் காணவில்லை. அதற்காகத் தேவையில்லாமல் படம் எடுக்கலாம் என்று அர்த்தமில்லை.

கிளினிக்குக்குள் நுழைந்ததுமே எக்ஸ்ரே என்றால் ஏன் என்று கேளுங்கள். வாயைப் பார்த்த பிறகே படம் தேவையா என்று முடிவாக வேண்டும். அடிக்கடி சொத்தை விழுபவருக்கு அடுத்த படத்துக்கான இடைவெளி குறையும், மற்றவர்களுக்கு இரண்டு மூன்று ஆண்டுகள்கூட ஆகலாம். கர்ப்பமாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தாதுச்சத்து கணிசமாகக் கரைந்த பிறகுதான் படத்தில் கறுப்பு தெரியும் என்பதால், படம் சுத்தமாக இருப்பதை மட்டும் நம்பிவிட முடியாது. கறுப்பு எனாமலோடு நிற்கிறதா, உள்ளே போய்விட்டதா என்று திரையைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். படத்தை உங்கள் போனுக்கு வாங்கி வையுங்கள். அடுத்த முறை ஒப்பிட்டால்தான் சொத்தை வளர்கிறதா, நின்றுவிட்டதா என்று தெரியும்.