டாக்காவிலிருந்து போன தந்தி

அன்புள்ள தம்பி,

அயல்நாட்டார் நமக்கு ஓட்டுப் போடுவதில்லை, வெளியுறவில் அவர்கள் நலனை ஏன் பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தாய். இந்த வாதத்தைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. 1971ஐ எடுத்துக்கொள். மார்ச் 25 இரவு கிழக்கு பாகிஸ்தானில், அதாவது இன்றைய வங்கதேசத்தில், பாகிஸ்தான் ராணுவம் சொந்தக் குடிமக்கள் மீதே பாய்ந்தது. அதன் டாங்கிகளிலும் விமானங்களிலும் அமெரிக்கா கொடுத்தவை இருந்தன. டாக்காவில் அமெரிக்கத் துணைத்தூதரகத் தலைவராக இருந்த ஆர்ச்சர் பிளட், நடந்த கொலைகளை வாஷிங்டனுக்கு விடாமல் எழுதினார். தம் அரசின் மௌனத்தைக் கண்டித்து 20 அதிகாரிகள் கையெழுத்திட்ட தந்தியை ஏப்ரல் 6 அன்று அனுப்பினார். மாற்றப்பட்டது கொள்கை அல்ல, பிளட்தான். உன் ஆயுதம் ஒருவன் வீட்டைச் சுடுகிறது என்றால், அவனுக்கு ஓட்டில்லை என்பது பதிலாகாது.

சீனாவோடு உறவு மலர பாகிஸ்தான் அதிபர் யாஹியா கானின் தூது தேவைப்பட்டது, அதனால்தான் அமெரிக்க அதிபர் நிக்சனும் அவருடைய ஆலோசகர் கிஸ்ஸிங்கரும் வாய் திறக்கவில்லை என்பார்கள். ருமேனியா வழியாகவும் அப்போது செய்தி போய்வந்துகொண்டிருந்தது. அதை விடு, தேதியைப் பார். கிஸ்ஸிங்கர் ரகசியமாகப் பெய்ஜிங் போய்ச் சேர்ந்தது ஜூலை 9. அதோடு தூதின் வேலை முடிந்தது. கொடுமையோ டிசம்பர் வரை நீடித்தது, மௌனமும் நீடித்தது. இந்த ஐந்து மாதத்துக்கு என்ன சமாதானம்? கேரி பாஸ் 2013இல் எழுதிய நூலில், வெள்ளை மாளிகை ஒலிநாடாக்களிலிருந்து நிக்சன், கிஸ்ஸிங்கர் இருவரின் உரையாடல்களை எடுத்துக் காட்டுகிறார். அவற்றில் தெரிவது தேசநலக் கணக்கு மட்டுமல்ல, வங்காளிகள் மீதான அலட்சியமும்கூட.

கணக்காவது பலித்ததா? சுமார் 1 கோடி அகதிகள் இந்தியாவுக்குள் வந்தார்கள். ஏறக்குறைய 15 லட்சம் பேர் வாழ்ந்த திரிபுராவில் கிட்டத்தட்ட அதே அளவு அகதிகள். ஆகஸ்டில் இந்தியா சோவியத்தோடு ஒப்பந்தம் செய்தது. இந்தியாவோடு மூண்ட போரில் டிசம்பர் 16இல் டாக்கா வீழ்ந்தது. வாஷிங்டன் தாங்கிப் பிடித்த பாகிஸ்தான் இரண்டானது. இரக்கத்தைச் சாக்காக்கிப் படையெடுப்பார்களே என்ற உன் அச்சம் நியாயமானது. 2003இல் ஈராக் மீது படையெடுத்தபோது அந்நாட்டு மக்களின் விடுதலையையும் காரணமாகச் சொன்னார்கள். ஆனால் நான் கேட்பது படையெடுப்பு அல்ல. ஆயுதம் தராதே, நடப்பதை நடப்பதாகச் சொல், அகதிக்குச் சோறு போடு. இவற்றுக்கு எந்தப் படையும் வேண்டாம். பாஸின் நூலைத் தேடிப் படி. படித்த பிறகும் மறுப்பு இருந்தால் எழுது.

அன்புடன்,
உன் ஆசிரியர்