பானை விற்ற பெண்ணின் குரல்



இந்த மாதப் பாடம் கடல் கடந்த ஒரு பெண்ணைப் பற்றியது. ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரைக்குப் பக்கத்தில் சான்சிபார் என்று ஒரு தீவு இருக்கிறது. இன்று அது தான்சானியா நாட்டைச் சேர்ந்தது. கிராம்பு விளையும் ஊர். மக்கள் பேசுவது சுவாகிலி மொழி.

அங்கே ஃபும்பா என்ற கிராமத்தில் 1880 வாக்கில் ஒரு ஏழைக் குடும்பத்தில் பெண் குழந்தை பிறந்தது. அடிமைகள் வழி வந்த குடும்பம். குழந்தைக்கு வைத்த பெயர் ம்தும்வா. அதற்கு அர்த்தம் என்ன தெரியுமா? 'அடிமை'!

பள்ளிக்கூடம் போக வழியில்லை. குடும்பத் தொழில் மண்பானை செய்வது. பானைகளைச் சுமந்து தெருத்தெருவாகக் கூவி விற்றார். அந்தக் கூவலிலேயே அவரது குரல் வளம் வெளிப்பட்டது என்று சொல்வார்கள்.

1911-இல் பிழைப்புத் தேடி நகரத்துக்கு வந்தார். அங்கே முறையாக இசை கற்றார். அவர் பாடியது தாராப் என்ற இசை. அதுவரை அது அரண்மனையில் அரபு மொழியில் பாடப்பட்டது. சாதாரண ஜனங்களுக்குப் புரியாது. இவர் அதைச் சுவாகிலியில் பாடினார். கேட்டவர்கள், "இது நம்ம பாட்டு" என்றார்கள். 'அடிமை' என்ற பெயர் மறைந்தது. 'சீமாட்டி' என்று பொருள்படும் 'சித்தி' என்ற பெயர் நிலைத்தது. அவர்தான் சித்தி பிந்தி சாத்.

வளர்ந்தால் பொறாமையும் வரும் இல்லையா? அழகில்லாதவள், நேற்று வரை பானை விற்றவள் என்று கேலி செய்து பாட்டுக் கட்டினார்கள். அவர் சண்டைக்குப் போகவில்லை. அழகைவிட அறிவே பெரிது என்று பாட்டிலேயே பதில் சொன்னார்.

1928-இல் தன் குழுவோடு கப்பலேறி நம் நாட்டுப் பம்பாய்க்கு (இன்றைய மும்பை) வந்தார். அங்கே அவர் பாட்டுகள் இசைத்தட்டில் பதிவாயின. கிழக்கு ஆப்பிரிக்காவில் இருந்து இசைத்தட்டில் பாடிய முதல் பெண் அவரே.

அவர் பாட்டில் காதல் மட்டும் இல்லை. ஊரில் நடந்த அநியாயமும் இருந்தது. 'கிஜித்தி' என்ற பாட்டு ஒரு கொலையைப் பற்றியது. விருந்தாளியாக வந்த ஒரு கர்ப்பிணியைக் கொன்றவன் தப்பி ஓடிவிட்டான். கோர்ட்டிலோ சாட்சியாக நின்ற பெண்களுக்கே தண்டனை கிடைத்தது. வெள்ளைக்காரர் ஆட்சிக் காலம் அது. அப்படிப்பட்ட காலத்தில் இந்த அநியாயத்தை ஊரே கேட்கப் பாடினார் சித்தி.

1950-இல் அவர் காலமானார். குரல் ஓயவில்லை. சிறு வயதில் அவர் பாட்டைக் கேட்டுக் கற்ற பி கிதூதே என்ற பெண், 2013-இல் இறக்கும் வரை அந்தப் பாட்டுகளை உலக மேடைகளில் பாடினார். தான்சானியாவின் பெண் பத்திரிகையாளர்கள் 1987-இல் ஒரு சங்கம் அமைத்தார்கள். அவர்கள் நடத்திய பெண்கள் பத்திரிகைக்கு வைத்த பெயர், 'சித்தியின் குரல்'.

சித்திக்கு எழுத்தும் பணமும் துணையில்லை. எல்லோருக்கும் புரியும் மொழியில், நடந்ததை நடந்தபடி சொல்லும் தைரியம் இருந்தது. கிராமசபையிலும் பேங்கிலும் நமக்கு வேண்டியதும் அதுதானே?

குழுக் கூட்டத்தில் பேசுங்கள்:

1. நம் ஊரில் பெண்களுக்கு நடந்த எந்த அநியாயம் இன்னும் பேசப்படாமல் இருக்கிறது?

2. சாட்சி சொல்ல முன்வரும் பெண்ணுக்குக் குழு எப்படித் துணை நிற்கலாம்?

3. நடவுப் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி தெரிந்த பெரியவர்கள் நம் குழுவில் யார் யார்? அவர்களிடமிருந்து யார் கற்றுக்கொள்ளப் போகிறோம்?