விளம்பரங் கண்டு மாடும் டிராக்டரும் வாங்குதலும் விற்றலும்

மணப்பாறை, பொள்ளாச்சி முதலிய சந்தைகளுக்குச் சென்று மாடு பிடிப்பது குடியானவர்களின் நெடுநாளைய வழக்கம். இக்காலத்தில் கைப்பேசியில் வரும் விளம்பரங்களைக் கண்டும் கறவைமாடு, பழைய டிராக்டர் முதலியவற்றை வாங்குகிறார்கள்; விற்கிறார்கள். இதனால் அலைச்சலும் தரகும் குறைவதுண்டு. ஆயினும் சந்தையில் பொருளும், உடையவனும், பணமும் ஓரிடத்திற் கூடுகின்றன. விளம்பரத்திலோ அம்மூன்றும் தனித்தனியே நிற்கின்றன. மோசம் நுழைவது அவ்விடைவெளியிலேதான். ஆதலின் மூன்றையும் ஓரிடத்திற் சேர்த்தாலன்றி வியாபாரத்தை முடிக்கலாகாது.

1. முன்பணம்.— சந்தை விலையிற் பாதிக்கு ஒரு கறவைமாட்டின் படம் வெளியாகும். விசாரித்தால், விற்பவர் தாம் பட்டாளத்தில் இருப்பதாகவும், மாற்றலாகிப் போவதால் அவசரமாய் விற்பதாகவும் சொல்லுவார். லாரி வாடகைக்கென்று சிறு தொகை கேட்பார். அது போய்ச் சேர்ந்ததும் இன்ஷூரன்சுக்கென்றும் வரிக்கென்றும் மேலும் கேட்பார். கொடுத்ததை விட மனமில்லாமல் வாங்குபவரும் அனுப்பிக்கொண்டே இருப்பர். முடிவில் மாடே இராது, படம் வேறொருவருடையது. பொருளைப் பார்க்குமுன் ஒரு ரூபாயும் அனுப்பாதிருத்தலே இதற்குப் பரிகாரம். புறப்படுமுன், கைப்பேசியில் மாட்டை நேரே காட்டும்படியும், காதுவில்லை இருப்பின் அதிலுள்ள 12 இலக்க எண்ணைக் காட்டும்படியும் கேட்க வேண்டும். அதற்குத் தயங்குபவரிடம் செல்வது வீண்.

2. கறவைமாடு.— ஒரு வேளை கறவாது விட்டு மடியைப் பெருக்கிக் காட்டுவது பழைய தந்திரம். முதல்நாள் மாலையே சென்று மடியை ஒட்டக் கறக்கச் செய்து, மறுநாள் காலையும் மாலையும் கறக்கும் பாலை அளந்து பார்த்தல் நலம். நான்கு காம்புகளிலும் தனித்தனியே பீய்ச்சிப் பார்த்தலும், பல்லைப் பிடித்து வயதறிதலும் அவசியம்.

3. பழைய டிராக்டர்.— எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் பதிவுப் புத்தகத்தோடு ஒத்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். கடன் குறிப்பு இருந்தால், பாங்கியின் ஆட்சேபணையின்மைக் கடிதமும் 35-ஆம் நமூனாவும் இல்லாமல் வாங்கலாகாது. 29, 30-ஆம் நமூனாக்களில் கையொப்பம் பெற்று உடனே பெயர் மாற்ற வேண்டும். இது விற்பவருக்கும் முக்கியம்: பெயர் மாறுமுன் விபத்து நேர்ந்தால், பதிவிற் பெயருள்ளவரே நஷ்டஈட்டுக்குப் பொறுப்பாளி எனச் சுப்ரீம் கோர்ட்டு 2018-இல் தீர்ப்பளித்திருக்கிறது.

4. விற்பவர் கவனிக்க வேண்டியவை.— பொருளைப் பாராமலும் பேரம் பேசாமலும் கேட்ட விலைக்கு இசையும் ஆசாமியிடம் ஜாக்கிரதையாயிருக்க வேண்டும். அவர் ஒரு கியூ.ஆர். படத்தை அனுப்பி, பணம் வருவதற்கு இரகசிய எண்ணை அழுத்தும்படி சொல்லுவார். யு.பி.ஐ. இரகசிய எண் பணத்தை அனுப்புவதற்கே வேண்டும், பெறுவதற்கு வேண்டியதில்லை. அழுத்தினால் விற்பவரின் பணமே போய்விடும். வேறு சிலர் பணம் செலுத்தியதாகப் பொய்ச் செய்தி காட்டி, கூடுதலாய்ப் போன தொகையைத் திருப்பிக் கேட்பர். பாங்கிக் கணக்கில் இருப்பைத் தாமே பார்த்தறியும்வரை மாட்டின் கயிற்றையோ டிராக்டர் சாவியையோ கொடுக்கலாகாது.

மோசக்காரரல்லாவிடினும், வருகிறேனென்று சொல்லி வாராதவர் பலர். அவர்களுக்கு நாளும் நேரமுங் குறித்துச் சொல்லி, அக்கெடு தாண்டினால் அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவதே தகும்.

5. ஏமாந்துவிட்டால்.— நாணத்தால் மறைத்துத் தாமதிப்பதே பெருந்தவறு. உடனே 1930 என்னும் எண்ணுக்குத் தெரிவித்தால், மோசக்காரன் பணத்தை எடுத்துவிடுமுன் அதைப் பாங்கியில் நிறுத்திவைக்க இடமுண்டு. வந்த செய்திகளையும் பேசிய எண்களையும் அழியாமல் வைத்திருத்தல் வேண்டும்.

ஒரு போகத்து வரும்படி முழுவதும் ஒரு விரலசைவிற் போய்விடக்கூடும். அவசரப்படுத்துபவரிடம் நிதானமே காவல் என்பதைக் குடியானவர்கள் மனத்திற் கொள்வார்களாக.